துவரைக்குத் தேங்காய்ப்பால் யோகம்

கேள்வி: கிழக்கு ஆப்பிரிக்கக் கடற்கரையின் ஸ்வாஹிலிக்காரர்கள் வீட்டில் எதைச் சமைத்தாலும் தேங்காய்ப்பால் ஊற்றிவிடுவார்களாமே?

பதில்: பிலாவு பெரும்பாலும் தப்பித்துவிடும். மற்றபடி வதந்தி உண்மைதான்.

மொம்பாசா, லாமு, சான்சிபார் வீடுகளில் காலைப் பலகாரத்திலேயே தேங்காய் ஆஜர். முழுத் துவரையை ஊறவைத்து, வேகவைத்து, வெங்காயம், பச்சை மிளகாயோடு தேங்காய்ப்பாலில் கொதிக்கவிட்டால் ‘ம்பாஸி’. அதில் தொட்டுத் தின்ன, எண்ணெயில் பொரித்த, ஏலக்காய் மணக்கும் ‘மஹம்ரி’. அதன் மாவைப் பிசைவதும் தேங்காய்ப்பாலில்தான்! இனிப்புப் பண்டத்துக்குத் துவரைக் குழம்பா என்று முகம் சுளிப்பவர்கள், ஒரு வாய் தின்றபின் பேசலாம்.

மதியம் தேங்காய்ப்பால் சோறு, கூடவே ‘சமாகி வா குபாகா’. மீனைக் கரியடுப்பில் சுட்டு, இஞ்சி, பூண்டு, புளிப்பு சேர்த்துச் சுண்டவைத்த தேங்காய்ப்பாலை அதன்மேல் பூசிப் பூசி வாட்டுவார்கள். பொறுமை இல்லாதவர்களுக்கு ஏற்ற வேலையல்ல.

தேங்காய்ப்பாலிலும் ஒரு கணக்கு உண்டு: முதலில் பிழியும் கெட்டிப் பால் தனி, தண்ணீர் விட்டு மறுபடி பிழிவது தனி. குழம்பு வேகுவது நீர்த்த பாலில். கெட்டிப் பாலுக்குக் கடைசியில்தான் அழைப்பு. அவசரப்பட்டு முதலிலேயே ஊற்றித் தளதளவென்று கொதிக்கவிட்டால் திரிந்துவிடும்.

தேங்காய்ப்பாலிடம் தப்பித்த பிலாவில் ஒரு வேடிக்கை. 19ஆம் நூற்றாண்டில் உலகச் சந்தைக்குக் கிராம்பை அள்ளிக்கொடுத்த சான்சிபாரில், பிலாவுப் பானைக்குள் விழுவது சில கிராம்புகள்தான். பின்னாளில் நிறையவே இந்தோனேசியாவுக்குப் போய் சிகரெட்டில் புகைந்தது.

வீட்டில் துவரை இருந்தால் ம்பாஸியில் தொடங்குங்கள். முந்தின இரவே ஊறப்போட மறக்காதீர்கள்.