துரை வேஷத்தில் அம்மன், சேலையில் மருமகன்

எங்கள் வீட்டில் இப்போது இரண்டு கட்சி. ஒன்று லூசியா கட்சி. அதற்குத் தலைவி என் மகள். சித்தூரிலேயே கல்லூரிக்குப் போகிறாள். மற்றது லூசியா எதிர்ப்புக் கட்சி. அதற்குத் தலைவர், தொண்டர், பொருளாளர் எல்லாமே என் அக்கா மகன்தான். திருப்பதியில் எஞ்சினியரிங் படிக்கிறான். சனிக்கிழமை ஆனால் எங்கள் வீட்டு இன்டர்நெட்டை நம்பி பஸ் ஏறிவிடுவான். 2022-ல் சித்தூர் மாவட்டத்தைப் பிரித்துத் திருப்பதியைத் தனி மாவட்டம் ஆக்கினார்களே, அன்றைக்கே என் மகள் இவனை வெளி மாவட்டத்துக்காரன் என்று அறிவித்துவிட்டாள். அப்படியும் வருகிறான். முறைப் பையன், முறைப் பெண் என்று சொந்தக்காரர்கள் ஜாடையாகப் பேசிக்கொண்டிருந்தது உண்டு. லூசியா வந்த பிறகு அந்தப் பேச்சை யாரும் எடுப்பதில்லை.

லூசியா ஒரு பொம்மை. ‘கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ’ என்று 1997-லிருந்து வரும் கேம் தொடர். கார் திருடுவது, போலீஸைச் சுற்ற விடுவது, மிச்ச நேரத்தில் கடை கொள்ளை அடிப்பது என்று நல்ல பழக்கங்களாகவே சொல்லித் தருவது. அதன் ஆறாம் பாகத்துக்கு 2023 டிசம்பரில் டிரெய்லர் விட்டார்கள். எடுத்த எடுப்பில் ஜெயிலில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். அவள்தான் கதையை நடத்தப் போகிறவள். கூட ஜேசன் என்று ஒருவனும் உண்டு. ஜேசனை என் மருமகன் கண்ணால் பார்த்ததாகவே தெரியவில்லை.

“மாமா, நான் பொம்பளைங்களுக்கு எதிரி இல்ல. ஆனா தொடர்னா ஒரு மரியாதை வேணாமா? இத்தன வருஷமா ஆம்பளை ஹீரோ. நடுவுல மாத்துனா அது பழைய கேமா?”

“மாமா ஏன் பாவா பதில் சொல்லணும்? என்கிட்ட கேளு,” என்றாள் மகள்.

நடுவர் நான். தகுதி என்ன என்றால், இன்டர்நெட் பில் கட்டுகிறவன். கேம் ஞானம் எனக்குக் கான்ட்ராவோடு முடிந்துவிட்டது. அதில் இரண்டு பேர் சட்டையில்லாமல் சுட்டுக்கொண்டே ஓடுவார்கள். ஆணா பெண்ணா என்ற சந்தேகத்துக்கே இடம் வைக்காத கேம்.

மகள் எடுத்துவைத்த முதல் சாட்சி சாமஸ். 1986-ல் நின்டென்டோ ‘மெட்ராய்ட்’ என்று ஒன்று விட்டது. தலையிலிருந்து கால்வரை இரும்புக் கவசம் போட்ட ஒரு வீரர் விண்வெளிப் பூச்சிகளைச் சுட்டுத் தள்ளுவார். கூட வந்த ஆங்கிலக் குறிப்புப் புத்தகத்திலேயே ‘அவன்’ என்றுதான் போட்டிருந்தது. ஆட்டத்தைச் சீக்கிரம் முடித்தால் கடைசியில் கவசம் கழன்று, உள்ளே பார்த்தால் பெண்! மெதுவாக ஆடினவனுக்குக் கவசம் கழலவே கழலாது. அவனவன் ஆணைத்தான் ஆட்டிவைத்தோம் என்ற திருப்தியோடு தூங்கப் போயிருப்பான். இரண்டாவது சாட்சி லாரா கிராஃப்ட். 1996-ல் ‘டூம் ரைடர்’ வந்தபோது டோபி கார்ட் என்ற ஓவியர் முதலில் வரைந்தது ஆணைத்தானாம். இண்டியானா ஜோன்ஸ் ஜாடை அப்படியே அடிக்கிறது, வழக்கு வரும் என்று பயந்து பெண்ணாக மாற்றினார்கள். உலகத்தின் மிகப் பிரபலமான கேம் நாயகி வக்கீல் நோட்டீஸுக்குப் பயந்து பிறந்தவள்.

“அதெல்லாம் ஒத்துக்கறேன். அவங்க முதல் பாகத்திலேயே பொம்பளை. நடுவுல மாறல,” என்றான் மருமகன்.

ஆக, அவன் சட்டம் இதுதான்: ஆரம்பத்தில் எது போட்டார்களோ அதுவே கடைசிவரை. வேஷம் மாறக் கூடாது. இதை ஒரு திருப்பதிக்காரன் சொல்கிறான் என்பதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

திருப்பதியில் நீண்ட காலமாக ஓடும் தொடர் எது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அதன் நாயகர், ஆகாசராஜன் மகள் பத்மாவதியைப் பார்த்து மனசைப் பறிகொடுத்த பிறகு என்ன செய்தார்? நாராயணவனத்துக்குக் குறி சொல்லும் கிழவியாக வேஷம் போட்டுப் போய், பெண்ணின் தாயிடமே உட்கார்ந்து, “உன் மகளுக்கு மலைமேல் இருக்கிறவன்தான் மாப்பிள்ளை” என்று தன் ஜாதகத்துக்குத் தானே சிபாரிசு செய்துவிட்டு வந்தார். தல புராணமே அப்படித்தான் போகிறது. போதாததற்கு வருஷா வருஷம் பிரம்மோற்சவத்தின் ஐந்தாம் நாள் மலையப்பர் மோகினி அலங்காரத்தில் பல்லக்கில் வருகிறார். அன்று ராத்திரியே கருட சேவை. காலையில் மோகினி, ராத்திரி கருட வாகனம். ‘நடுவில் மாற்றிவிட்டார்கள்’ என்று மாடவீதியில் இதுவரை ஒருவரும் மனு கொடுத்ததில்லை.

மலை ஏற வேண்டாம், ஊருக்குள்ளேயே எம்.எஸ். சுப்புலட்சுமிக்கு வெண்கலச் சிலை நிற்கிறது. தம்பூராவும் கையுமாக அவரைப் பார்க்கிறவர்களுக்கு 1941-ல் வந்த ‘சாவித்திரி’ படம் ஞாபகம் வராது. அதில் அவர் நாரதர். அந்தச் சம்பளம்தான் ‘கல்கி’ பத்திரிகைக்கு முதல் ஆயிற்று. அதற்கும் ஆறு வருஷம் முன்னால் கே.பி. சுந்தராம்பாள் நந்தனாராகவே நடித்து ஒரு லட்சம் வாங்கினார். ஒரு லட்சம், 1935-ல்! லூசியாவுக்கு என்ன கொடுக்கிறார்களோ.

இதையெல்லாம் சொன்னதும் மருமகன், “மாமா, அது சாமி, சினிமா. கேம் வேற,” என்றான்.

சரி, ஜாத்திரைக்கு வருவோம். மே மாதம் திருப்பதியில் தாத்தய்யகுண்ட கங்கம்மா ஜாத்திரை நடக்கும். ஒரு வாரம் ஊர் ஊராக இருக்காது. அந்தக் காலத்தில் பாலேகாடு, அதாவது பாளையக்காரன் ஒருவன், ஊர்ப் பெண்களை ஒருத்தி விடாமல் தொல்லை பண்ணினானாம். அவனை ஒழிக்கப் பிறந்தவள் கங்கம்மா. அவிலாலாவில் கைகால குடும்பத்தில் வளர்ந்தவள் என்பது கதை. அவள் மேலேயே கை வைக்க வந்தவனுக்குத் தன் விசுவரூபத்தைக் காட்டினாள். பயல் ஓடி ஒளிந்துகொண்டான். விடுவாளா? பைராகி வேஷத்தில் தேடினாள், பண்ட வேஷத்தில் தேடினாள், தோட்டி வேஷத்தில் தேடினாள். கடைசியில் துரை வேஷம் போட்டுக்கொண்டு வந்து நின்றாள். பெரிய துரை வந்திருக்கிறார், கும்பிடு போடலாம் என்று பாலேகாடு வெளியே வந்தான். அவனுக்கு அதுதான் கடைசிக் கும்பிடு.

இப்போது கணக்குப் பாருங்கள். இந்த வேஷங்களை ஜாத்திரையில் கட்டுவது கைகால குடும்பத்து ஆண்கள். துரை வேஷ நாளன்று தெருவில் வருகிறவர் ஓர் ஆண். அவர் அன்றைக்குக் கங்கம்மா, அதாவது பெண். அந்தக் கங்கம்மா போட்டிருப்பது துரை, அதாவது ஆண். ஆண், பெண்ணாகி, ஆணாகி வருகிறார். தெருவில் நிற்கிற கிழவிக்கு இதில் ஒரு குழப்பமும் இல்லை. “தல்லீ” என்று கையெடுத்துக் கும்பிடுகிறாள். கங்கம்மா யார்? ஏழுமலையான் தங்கை. ஜாத்திரைக்குத் தேவஸ்தானத்திலிருந்து அண்ணன் வீட்டுச் சீராகப் பட்டுச்சேலையும் மஞ்சள் குங்குமமும் வரும். அண்ணன் குறி சொல்லும் கிழவியாகப் போனவர், தங்கை துரையாகப் போனவள். குடும்ப வாகு.

கைகால குடும்பத்தோடு இது நிற்பதில்லை. வேண்டிக்கொண்ட ஆண்கள் எல்லோருமே சேலை கட்டிக்கொண்டு அம்மனைப் பார்க்கப் போவார்கள். ஆட்டோ ஓட்டுகிறவர், பாங்க் கிளார்க், கல்லூரிப் பையன் எல்லாரும் உண்டு. ஒருமுறை அக்கா வீட்டில் இந்த ஒப்பனையைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். ஜாக்கெட் அக்காவுடையது, முதுகில் ஒரு ஜாண் இடைவெளி விழுந்ததால் இரண்டு பக்கத்தையும் நாடா வைத்துக் கட்டினாள். கொசுவம் நிற்கவில்லை. வாயில் நான்கு சேஃப்டி பின்னைக் கவ்விக்கொண்டே அக்கா, “வயித்த எக்குடா, மூச்சு விடாத” என்று அதட்டினாள். சவுரி முடி, மேலே கனகாம்பரம், இடுப்பில் கில்ட் ஒட்டியாணம். மூக்குத்திக்குக் காந்தம் வைத்த ஒன்று வாங்கியிருந்தார்கள். அது தும்மினால் விழுந்தது. எல்லாம் முடிந்தபோது மீசையை மட்டும் எடுக்க மறுத்துவிட்டான் அந்தப் பையன். அம்மனுக்கு மீசை ஆட்சேபம் இல்லை என்று பாட்டி தீர்ப்பு சொன்னாள். தப்புச் சத்தம் கேட்டதும் அப்படியே தெருவில் இறங்கி ஓடினான்.

அந்தப் பையன்தான் லூசியா எதிர்ப்புக் கட்சித் தலைவர். இன்றைக்கும் அவன் இன்ஸ்டாகிராம் படம் அதுதான்: மஞ்சள் சேலை, வளையல், மீசை. அந்தப் படத்துக்குக் கீழேதான் ‘பெண் ஹீரோ நம்பும்படியாக இல்லை’ என்று எழுதுகிறான்.

2024 டிசம்பரில் ‘புஷ்பா’ இரண்டாம் பாகம் வந்தபோது இங்கே தியேட்டர் என்ன பாடு பட்டது என்று பார்த்திருக்க வேண்டும். சேஷாசலம் காட்டுச் செம்மரம் கடத்துகிற முரட்டு ஆள், கங்கம்மா ஜாத்திரைக்குப் பட்டுச்சேலை, எலுமிச்சை மாலை, நீலம் பூசிய முகம் என்று வந்து நின்றதும் விசில் காதைப் பிளந்தது. இதுவும் தொடர்தான், இதுவும் இரண்டாம் பாகம்தான், ஹீரோதான் சேலையில் நிற்கிறார். என் மருமகன் சீட்டின் மேல் ஏறி நின்றான்.

“அது பக்தி, மாமா.”

கேம் கம்பெனிகளுக்கும் இதே மாதிரி பதில்கள் உண்டு. 2014-ல் ‘அசாசின்ஸ் கிரீட்’ தொடரில் ஒரு பாகம் வந்தது. சேர்ந்து ஆடும் பகுதியில் பெண் பாத்திரம் ஏன் இல்லை என்று கேட்டதற்கு, “அசைவுகள், உடைகள் எல்லாம் இரட்டிப்பு வேலை ஆகிவிடும்” என்றார்கள். அதே தொடரில் முன்பு வேலை பார்த்த ஒரு அனிமேட்டரே, ஓரிரு நாள் வேலைதானே என்று சொல்லி மானத்தை வாங்கினார். என் அக்காவிடம் விட்டிருந்தால் அரை மணி, நான்கு சேஃப்டி பின்.

மகள் உற்சாகமாகிப் புள்ளிவிவரத்தில் இறங்கினாள். ‘மாஸ் எஃபெக்ட்’ என்ற தொடரில் கமாண்டர் ஷெப்பர்டை ஆணாகவும் வைக்கலாம், பெண்ணாகவும் வைக்கலாம். வசனம் ஒன்றுதான், குரல் வேறு. பெண் குரல் கொடுத்த ஜெனிஃபர் ஹேல்தான் பிரமாதம் என்று விவரம் தெரிந்தவர்கள் சத்தியம் செய்வார்கள். ஆனால் 2011-ல் கம்பெனி சொன்ன கணக்குப்படி பெண்ணாக ஆடினவர்கள் நூற்றுக்கு 18 பேர். 2021-ல் மறுபதிப்பு வந்தபோது 32. “ஏறுது பாத்தியா,” என்றாள். பத்து வருஷத்துக்குப் பதினாலு. எங்கள் ஊர் மாம்பழ விலைகூட இந்த நிதானத்தில் ஏறினதில்லை.

இந்த இடத்தில்தான் அடுக்களையிலிருந்து அக்கா வந்தாள். மகனைக் கூட்டிக்கொண்டு போக வந்தவள். அரை மணியாகக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

“ஏண்டா, ஜாத்திரைன்னு ஆளாளுக்குப் பேசறீங்களே. வேஷம் கட்டறது யாரு?”

“நாங்க,” என்றான் மகன்.

“பொங்கல் வைக்கறது?”

பதில் இல்லை.

ஜாத்திரை பற்றி ஜாய்ஸ் ஃப்ளூக்கிகர் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 2013-ல் ஒரு புத்தகமே எழுதியிருக்கிறார். ஆண்களுக்குத்தான் வேஷம் தேவைப்படுகிறது. பெண்களிடம் அந்தச் சக்தி ஏற்கெனவே இருப்பதால் அவர்கள் எதையும் கட்டிக்கொள்ள வேண்டியதில்லை என்கிற மாதிரி அதில் ஓர் அழகான விளக்கம் வரும். நடுவர் என்ற முறையில் அதை எடுத்துச் சொன்னேன்.

“சக்தி இருக்கட்டும். மே மாசத்து வெயில்ல, கோவில் வாசல்ல, பச்சை விறகை ஊதி ஊதி எரியவிடறது யாருன்னு அந்தம்மா எழுதியிருக்காங்களா?” என்றாள் அக்கா.

மகள் இதை எதிர்பார்க்கவில்லை. அவள் கட்சிக்கே இது புதுத் தலைவலி. ஆனால் அக்கா பேச்சில் விஷயம் இருந்தது. அம்மன் பெண்தான், ஆட்டுவிக்கிறவர்கள் ஆண்கள். லாராவும் சாமஸும் பெண்கள்தான். வரைந்தது, குதிக்க வைத்தது, குறிப்புப் புத்தகம் எழுதியது எல்லாம் பெரும்பாலும் ஆண்கள். நாயகன் ஆணா பெண்ணா என்று இங்கே ராத்திரி பதினொரு மணிவரை சண்டை நடக்கிறது. கன்ட்ரோலர் மட்டும் ஆரம்பத்திலிருந்தே மருமகன் மடியில்தான் இருந்தது.

நம்ம பாஷையிலேயே ஒரு கேம் உண்டு: ‘வெண்பா’. டொரன்டோவில் இருக்கும் விசை கேம்ஸ் 2023-ல் போட்டது. கனடாவுக்குக் குடிபோன ஒரு தமிழ்க் குடும்பம், நாயகி வெண்பா, ஆட்டமே சமையல்தான். முதலில் இட்லி. நல்ல கேம், பார்த்துக் கண் கலங்கியவர்கள் உண்டு. இந்த நாயகி ஏன் பெண் என்று என் மருமகன் கேட்டதே இல்லை. துப்பாக்கிக்குப் பதில் இட்லித் தட்டைக் கையில் கொடுத்தால் எதிர்ப்புக் கட்சி தானாகக் கலைந்துவிடுகிறது.

சமாதானத்துக்காக ஒரு யோசனை சொன்னேன். 2018-ல் வந்த ‘அசாசின்ஸ் கிரீட் ஒடிசி’ வீட்டில் இருக்கிறது. ஆரம்பத்திலேயே அலெக்ஸியோஸ் என்ற அண்ணனா, கசாண்ட்ரா என்ற அக்காவா என்று நம்மையே கேட்டுவிடும். ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள், என்னைத் தூங்க விடுங்கள்.

மகள் அலெக்ஸியோஸை எடுத்தாள். எனக்குத் தலை சுற்றியது. “மலை உச்சிலேர்ந்து குதிக்கணும், அடி வாங்கணும், சேத்துல உருளணும். ஆம்பளையே பண்ணட்டுமே,” என்றாள். மருமகன் ஓரக்கண்ணால் எல்லோரையும் பார்த்துவிட்டு, “கசாண்ட்ராதான் நல்லாப் பேசறா” என்று முணுமுணுத்தபடி அவளை எடுத்தான். கட்சிகள் இப்படிக் கொள்கையைக் கைவிட்ட பிறகு யார் முதலில் ஆடுவது என்று புதுச் சண்டை கிளம்பிற்று.

அக்கா இருவர் நடுவிலும் கையை விட்டு கன்ட்ரோலரை எடுத்துக்கொண்டாள். சோபாவில் காலை மடக்கி உட்கார்ந்தாள். திரையில் அண்ணனும் அக்காவும் ஈட்டியோடு நின்றார்கள். எந்தப் பொத்தான் எதற்கு என்று மகன் சொல்லத் தொடங்கினான். மகள் குறுக்கே பாய்ந்து கசாண்ட்ராவை எடுக்கச் சொன்னாள்.

“எவளோ எவனோ, ஒண்ணு எடுத்துக்கறேன்,” என்றாள் அக்கா. “இதுல பாலேகாடு யாருடா? அதச் சொல்லு மொதல்ல.”