அட்சதைக் கையிலே போனு

ஏண்டா பேராண்டி, நாளைக்குக் கும்பகோணத்துல உன் கூட்டாளிக்குக் கல்யாணம், நீ இன்னைக்கே போனுக்கு சார்ஜ் ஏத்திக்கிட்டு உக்காந்திருக்கே. பவர் பேங்க் வேற தனியா. நல்லதுதான். மாப்பிள்ளைகூட இவ்வளவு தயாரா இருக்க மாட்டான். வேட்டி இஸ்திரி போட்டாச்சா? போடலைன்னாலும் குத்தமில்லை, படம் எடுக்கிறவன் படத்துல வரவா போறான்.

போறதுதான் போறே, கிழவன் சொல்றதையும் காதுல வாங்கிட்டுப் போ. ஐயர் ஓமம் வளர்க்கறதுக்கு முன்னாலேயே மேடைக்குக் கீழே போய் இடம் பிடிச்சுடணும். பெரியவங்களை முன்வரிசையில உக்காத்தி வெச்சிருப்பாங்க இல்ல, அவங்களுக்கு நேர் முன்னாடி நின்னுக்க. பொண்ணோட பாட்டி முட்டி வலியைப் பொறுத்துக்கிட்டு, இந்த மூணு முடிச்சைப் பாக்கணும்னே வந்து உக்காந்திருக்கும். அதுக்கு உன் முதுகைக் காட்டு. நல்ல சட்டைதானே, கண்குளிரப் பாத்துட்டுப் போகட்டும்.

கெட்டிமேளம்னு குரல் வந்ததும் ரெண்டு கையையும் தலைக்கு மேல தூக்கு. உனக்குப் பின்னால போட்டோக்காரன் ஸ்டூல் மேல ஏறி நின்னு பல்லைக் கடிப்பான். கடிக்கட்டும். மாலையைத் திருப்பிப் போடச் சொல்லலாம், மோதிரத்தை மறுபடி மாட்டச் சொல்லலாம், தாலியை இன்னொரு தடவை கட்டச் சொல்ல முடியுமா? மொத்தக் கல்யாணத்துலயும் மறு வாய்ப்பே இல்லாத அந்த ஒரு படத்துல உன் போன் உறை நட்டநடுவுல பளிச்சுன்னு நிக்கும். அதையும் ஆல்பத்துல ஒட்டித்தான் ஆகணும், வேற வழியில்லை. நாளைக்கு உன் கூட்டாளியோட பிள்ளைங்க அதைப் பிரிச்சு வெச்சுக்கிட்டு, "அம்மா கழுத்துக்கிட்ட இருக்கறது யாரு கைப்பா?"ன்னு கேக்கும். இதைவிடப் பேரும் புகழும் வேணுமாடா உனக்கு?

அட்சதை சேதி இன்னொண்ணு இருக்கு. மஞ்சள் அரிசியும் உதிரிப்பூவுமா தட்டுல கொண்டுவந்து நீட்டுவாங்க. வலது கையில போனு, இடது கையால அதைத் தாங்கிப் பிடிச்சிருப்பே. அரிசியை எந்தக் கையால வாங்குவே? நம்ம தெருக் கல்யாணத்துல ஒரு பய, வாங்கிச் சட்டைப்பையில போட்டுக்கிட்டான். தாலி ஏறுச்சு, அவன் படம் எடுத்தான். அப்புறம் பந்தியில குனிஞ்சு உக்காந்தான், பையிலேர்ந்த ஆசீர்வாதம் பூரா சாம்பார்ல விழுந்துச்சு. வெந்த சோத்தோட வேகாத அரிசியையும் சேத்து மென்னான். உன்னைப் பத்திரிகை வெச்சுக் கூப்பிட்டதே உன் கை ஒரு பிடி அரிசி தூவணும்னுதான்டா. அந்த ரெண்டு நிமிஷம் பைக்குள்ள போன் கிடக்கட்டும், அரிசி வெளியில வரட்டும்.

எங்க காலத்துல யாஷிகா பெட்டி, ரெட்டைக் கண்ணு வெச்சது. ஒரு ரோலுக்கு 12 படம். சீர் செனத்தி, தாலி, அம்மி மிதிக்கறது எல்லாத்தையும் சிக்கனமாத்தான் எடுக்கணும். ஆனா மேடையில ஏறுறவங்க ஒவ்வொருத்தரும் "என்னையும் எடுப்பா"ம்பாங்க. போட்டோக்காரன் சூட்டிகையான ஆளா இருந்தா வெறும் பிளாஷை மட்டும் அடிச்சு அனுப்பிடுவான். பெரியப்பா மீசையைத் தடவிக்கிட்டே திருப்தியா இறங்கிப் போவாரு. நீ நாளைக்கு எழுநூறு எடுப்பே, அப்புறம் ஒண்ணையும் திறந்து பாக்க மாட்டே. அவனாவது ரோலை மிச்சம் பிடிச்சான்.

பின்வரிசையில நின்னு அந்தப் போன் லைட்டையும் அடிச்சுத் தொலைக்காதே. அது ரெண்டு மூணு ஆள் தூரத்துக்குத்தான் எட்டும். முன்னால இருக்கிற மாமாவோட வழுக்கை பளபளக்கும், மாப்பிள்ளை இருட்டுல இருப்பான். ஓமப்புகை வேற நடுவுல வந்துச்சுன்னா படம் பூரா வெள்ளைப் பூசணி. ரெண்டு விரலை வெச்சு இழுத்துப் பெருசாக்குறியே, அதுவும் பெரும்பாலும் இருக்கிற படத்தை வெட்டி ஊதிக் காட்டுற வேலை. காலு நல்லாத்தானே இருக்கு, நடந்து கிட்டப் போ.

கிட்டப் போன்னா மேடைக்குப் போகச் சொல்லலை. மேடைக்குக் காசு வாங்கிக்கிட்டு ஆள் நிக்கிறான். அவன் தலைவெச்சுப் படுக்காத பக்கமாப் போ. மேளக்காரங்க பக்கத்துல போய் உக்காரு. தவில்காரர் வலது கை விரலுக்கு ஒவ்வொண்ணா கூடு மாட்டுவாரு. துணியைப் பசை தடவிச் சுத்திக் காயவெச்ச கூடு. மாட்டிட்டு விரலை மடக்கி, நீட்டி, தோல்ல சும்மா ஒரு தட்டுத் தட்டிப் பாப்பாரு. நாயனக்காரர் சீவாளியை நாக்குல நனைச்சுக்கிட்டே பேச்சுக் கொடுப்பாரு. கும்பகோணத்துக்குப் பக்கத்துல நரசிங்கம்பேட்டையில ஆச்சா மரத்துல கடையற நாயனத்துக்கு 2022-ல புவிசார் குறியீடே கொடுத்தாச்சு. கல்யாண ஆல்பத்துலதான் இன்னும் இடம் கொடுக்கலை.

அப்புறம் கடைசிப் பந்தி. அதை விட்டுடாதே. ஊர் பூரா சாப்பிட்டாச்சான்னு கேட்டுக் கேட்டு, பொண்ணோட அப்பா அதுலதான் வந்து உக்காருவாரு. தோள்ல இருந்த துண்டு இடுப்புக்கு வந்திருக்கும். மோர்ச்சோத்தைப் பிசைஞ்சு ஒரு கவளம் கையில எடுத்துட்டு, வாயில போட மறந்து எங்கேயோ பாத்துக்கிட்டு இருப்பாரு. போட்டோக்காரன் அந்நேரம் வாசல்ல ஜோடியைக் குடை பிடிச்சு நடக்கவிட்டு எடுத்துக்கிட்டிருப்பான். நீ தூணோரமா நின்னு ஒண்ணே ஒண்ணு எடு. உடனே கொண்டுபோய் அவர்கிட்ட நீட்டாதே. பொண்ணுக்கு மட்டும் அனுப்பு, அதுவும் புகுந்த வீட்டுக்குப் போய் ஒரு வாரம் ஆனப்புறம்.

ஆனா வாயில போளி வெச்சிருக்கிற அத்தையை எடுத்து குரூப்புல போட்டேன்னு வை, அடுத்த விசேஷத்துல உனக்கு இலையே விழாது. பொண்ணு ஒரு கண்ணுக்கு மட்டும் மை வெச்சு உக்காந்திருக்கும்போது எட்டிப் பாத்து ஸ்டேட்டஸ் போடுற வேலையும் வேணாம். அவங்க வீட்டுப் படம், அவங்க முதல்ல போடட்டும். எடுத்ததுல நல்லதாப் பொறுக்கி ஒரு இருபது அனுப்பு, போதும். வாட்ஸப்புல படமா அனுப்பினா சுருக்கிடுதாம், டாக்குமென்டா அனுப்பணுமாம். உன் அத்தை மக சொன்னா. அவளும் நாளைக்கு வர்றா, அவளை எடுக்கறதுக்குன்னே பாதி சார்ஜை ஒதுக்கி வெச்சிருப்பேன்னு எனக்குத் தெரியாதா?

சரி, இந்தா ஐநூத்தி ஒண்ணு. மொய் நோட்டுல என் பேருல எழுதிடு. எழுதினதும் அந்தப் பக்கத்தை மட்டும் நல்லாக் கிட்டப் போய், ஆடாம அசையாம ஒரு படம் எடுத்து உடனே எனக்கு அனுப்பு. போன தடவை நீ எழுதின மொய்யைத் தேடி அந்த விசேஷ வீட்டு நோட்டை ரெண்டு தடவை புரட்டிட்டேன்.