குழாயா, பெட்டியா?

கே: பெரிய துரை பங்களாச் சாமான்களை விற்றபோது ஒரு சோடி பழைய வாஃப்டேல் பொக்ஸ் வாங்கினேன். எங்கள் மாரியம்மன் கோயில் குழாய் ஸ்பீக்கரின் சத்தத்தில் கால்வாசிகூட இல்லை. ஏமாந்துவிட்டேனா? (நோர்வூட்)

ப: குழாய் பிறந்ததே அடுத்த மலைக்குக் கேட்கத்தான். அது ஒரு வாட்டில் போடும் சத்தத்துக்கு உங்கள் பெட்டி ஐம்பது, நூறு வாட் கேட்கும். ஆனால் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே குழாய்க்குப் பேச்சே வராது. நாதஸ்வரம் ஜோராக வரும். தவிலில் வலந்தலை மட்டும் கேட்கும்; கம்பு விழும் தொப்பிப் பக்கம் குழாய்க்குள்ளேயே தங்கிவிடும். பெட்டியில் ஒரு மல்லாரி போட்டுக் கேளுங்கள், காசு எங்கே போனது என்று தெரியும்.

கே: பக்கத்துத் தோட்டத்துத் திருவிழாப் பாட்டு பகலில் கேட்பதே இல்லை. இரவில் மட்டும் காதுக்குள் வந்து பாடுகிறதே? (மஸ்கெலியா)

ப: பொழுது சாய்ந்ததும் குளிர்காற்று பள்ளத்தில் இறங்கிவிடும், மேலே இருப்பது சற்றுச் சூடான காற்று. சூடான காற்றில் ஒலிக்கு வேகம் அதிகம் என்பதால் மேலே போன சத்தம் வளைந்து திரும்பக் கீழே வரும். பகலில் இதற்கு நேர்மாறு. சவுண்ட் சேவிஸ்காரரைத் திட்டும்போது பாதியைப் பள்ளத்தாக்குக்கு ஒதுக்கிவையுங்கள்.

கே: டெனோய், குவாட், கெஃப். எது சிறந்தது? ஒரே சொல்லில் பதில் வேண்டும். (நுவரெலியா)

ப: அறை.

கே: என் அறை லயத்துக் காம்பரா, 10க்கு 12 அடி. இப்போது சொல்லுங்கள். (தலவாக்கலை)

ப: அந்த அளவு அறையில் 47, 56 ஹெர்ட்ஸ் பக்கம் சுவர்களும் சேர்ந்து பாடும். 15 அங்குல டெனோயை வைத்தால் பாட்டு போய் முழக்கம் மிஞ்சும், அதையும் அடுத்த வீட்டார்தான் முதலில் அனுபவிப்பார்கள். 1957இல் வந்த குவாட்டில் கூம்பே கிடையாது, மெல்லிய பிளாஸ்டிக் படலம் ஆயிரக்கணக்கான வோல்ட்டில் அதிர்கிறது. மனிதக் குரலுக்கு அதை மிஞ்ச ஆளில்லை. ஆனால் அது முதுகாலும் பாடும், பின்னால் இடம் வேண்டும். மூடுபனி உள்ளே வந்து உட்காரும் வீட்டில் அவ்வளவு வோல்ட் எனக்குப் பயம். உங்களுக்கு ஏற்றது எல்எஸ்3/5ஏ. பிபிசி தன் ஒலிபரப்பு வேன்களுக்காக 1970களில் வடிவமைத்தது, ஓர் அடி உயரம், உள்ளே கெஃப் ஸ்பீக்கர்கள். அடித்தொனி குறைவு, காம்பராவுக்கு அதுவே வரம்.

கே: கூம்பின் ஓரம் பொடிப்பொடியாக உதிர்கிறது. எலியா? (ஹட்டன்)

ப: எலி நிரபராதி. அது நுரைப்பஞ்சு, வயதும் ஈரமும் சேர்ந்து தின்கின்றன. ஓரத்தை மட்டும் மாற்றலாம், பெட்டியை எறியாதீர்கள்.

கே: அந்தக் கால இலங்கை வானொலிக் குரலின் கம்பீரம் இன்றைய பெட்டிகளில் இல்லையே? (பொகவந்தலாவை)

ப: சிற்றலை மேல்சுருதியை வெட்டிவிடும், மரப்பெட்டி நெஞ்சுக்குரலைத் தூக்கிக் கொடுக்கும். பாதி அவற்றின் கைவரிசை. மீதி அறிவிப்பாளர் கே. எஸ். ராஜாவுடையது, அதை எந்தக் கடையிலும் விற்பதில்லை.

கே: இரண்டு சோடியை நேர்மையாக ஒப்பிடுவது எப்படி? மனைவிக்கு இரண்டும் ஒன்றுபோலவே கேட்கிறதாம். (கொட்டகலை)

ப: முதலில் சத்தத்தைச் சமமாக்குங்கள், சற்று உரக்கப் பாடுவதே எப்போதும் ஜெயிக்கும். பிறகு துணியால் மறையுங்கள். ஒலி ஆய்வாளர்கள் ஃபிளாய்ட் டூலும் ஷான் ஆலிவும் 1994இல் காட்டியது இதைத்தான்: பெட்டியைக் கண்ணால் கண்டதும் அதே ஆட்கள் போடும் மதிப்பெண் மாறிவிடுகிறது. உங்கள் மனைவி விலையும் பெயரும் தெரியாமல் கேட்டவரானால் அவர் தீர்ப்பே செல்லும். மலிவான சோடியை வைத்துக்கொண்டு மற்றதை விற்றுவிடுங்கள்.