பெரியப்பா வீட்டு லேப்டாப்பில் எக்ஸ்டென்ஷன் நீக்குவது எப்படி?

கல்யாணப் பத்திரிகை வைக்கப் பெரியப்பா வீட்டுக்குப் போகிறீர்கள். காபி வருவதற்கு முன்னால் லேப்டாப் வந்துவிடும். "நீதான் கம்ப்யூட்டர் தெரிஞ்சவனாச்சே, கொஞ்சம் பாருடா. ஒரு வாரமா என்னமோ பண்ணுது." நீங்கள் படித்தது சிவில் இன்ஜினீயரிங் என்ற வாதம் அங்கே எடுபடாது. உங்களைப் போன்றவர்களுக்காகவே இந்தக் கையேடு.

1. நோயாளியை விசாரிக்கவும்

கூகுளில் தேடினால் பெயர் தெரியாத வேறொரு தேடல் பக்கம் வருகிறதா? புதிய டேப் திறந்தால் அருவிப் படமும் ராசிபலனும் வருகின்றனவா? செய்தித்தளத்தில் இல்லாத இடங்களிலெல்லாம் விளம்பரம் முளைக்கிறதா? மூன்றுக்கும் பெரும்பாலும் காரணம் பிரௌசரில் ஒட்டிக்கொண்ட ஏதோ ஒரு எக்ஸ்டென்ஷன். பெரியப்பா அதை "வைரஸ்" என்பார். மறுக்க வேண்டாம், பெரியவர். "என்ன இன்ஸ்டால் பண்ணீங்க?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். "நான் ஒண்ணுமே பண்ணல, தானா வந்துச்சு" என்பதற்கு மேல் உலகத்தில் யாரும் பதில் சொன்னதில்லை.

2. ஒளிந்திருப்பவற்றை வெளியே அழைக்கவும்

குரோமில் வலது மேல் மூலையில் புதிர்த்துண்டு போன்ற ஒரு சின்னம் இருக்கும். அதை அழுத்தினால் பட்டியல் விழும். பின் குத்தி வைத்தவை மட்டுமே மேலே தெரியும். மற்றவை இந்தத் துண்டுக்குள் பதுங்கிக்கொண்டு வேலை பார்க்கும். அங்கிருந்தே "மேனேஜ் எக்ஸ்டென்ஷன்ஸ்" பக்கத்துக்குப் போகலாம்.

போனால் என்ன பார்ப்பீர்கள்? பிடிஎஃப் மாற்றித் தருவது மூன்று. வீடியோ இறக்குவது இரண்டு. கூப்பன் தேடித் தருவது ஒன்று. தமிழ் தட்டச்சுக்கு ஒன்று. கிராமர் தப்பு பார்க்க ஒன்று. என்ன செய்கிறது என்று பெயரிலிருந்தும் தெரியாத, படத்திலிருந்தும் தெரியாத ஒன்று. முகபாவத்தை மாற்றாமல் கீழே போகவும்.

3. அனுமதியை உரக்கப் படித்துக் காட்டவும்

ஒவ்வொன்றிலும் "டீட்டெயில்ஸ்" என்று ஒரு பொத்தான். அதை அழுத்தி, அந்த எக்ஸ்டென்ஷனுக்கு என்னென்ன அனுமதி என்று பார்க்கவும். "எல்லா இணையதளங்களிலும் உங்கள் தரவு அனைத்தையும் படிக்கலாம், மாற்றலாம்" என்ற பொருளில் ஒரு வரி பலவற்றில் இருக்கும். இந்த இடத்தில் குரலைச் சற்று உயர்த்தவும்.

"பென்ஷன் பாக்கிற பேங்க் பக்கமுமா?"

ஆமாம், அதுவும்தான். கரண்ட் பில் கட்டும் பக்கம், அண்ணனுக்கு எழுதும் மெயில், மூட்டுவலிக்குத் தேடிய மருந்து எல்லாமே. பிடிஎஃப்-ஐ வேர்டாக மாற்றும் பொருளுக்கு இதெல்லாம் எதற்கு என்று பெரியப்பா நியாயமாகக் கேட்பார். இன்ஸ்டால் செய்த அன்று இதே வரி பெட்டிக்குள் வந்து நின்றது, அதற்குக் கீழிருந்த "ஆட் எக்ஸ்டென்ஷன்" பொத்தானைத்தான் அவர் அழுத்தினார் என்பதைச் சபையில் சொல்ல வேண்டாம்.

இதில் ஒரு சங்கடமும் உண்டு. விளம்பரத்தைத் தடுக்கும் நல்ல எக்ஸ்டென்ஷனும் பெரும்பாலும் இதே அனுமதியைத்தான் கேட்கும். பக்கத்தைப் படிக்காமல் விளம்பரத்தை எப்படிப் பிடிப்பது? ஆகவே அனுமதியை மட்டும் வைத்து நல்லது கெட்டதைப் பிரிக்க முடியாது. செய்யும் வேலைக்கும் கேட்கும் அனுமதிக்கும் பொருத்தம் உண்டா என்று பார்க்க வேண்டும். வைத்துக்கொள்ள நினைப்பவற்றுக்கு, அதே பக்கத்தில் "சைட் ஆக்சஸ்" என்ற இடத்தில் "ஆன் கிளிக்" என்று மாற்றிவிடலாம். கூப்பிட்டால் மட்டும் வரும்.

4. "அது நல்லதுடா, ரொம்ப வருஷமா இருக்கு" என்பதை எதிர்கொள்ளவும்

இங்கே கதை சொல்லத் தெரிய வேண்டும். "தி கிரேட் சஸ்பெண்டர்" என்று ஒன்று இருந்தது. பயன்படுத்தாத டேப்களைத் தூங்கவைத்து மெமரியை மிச்சப்படுத்தும். லட்சக்கணக்கானோர் வைத்திருந்தார்கள், நல்ல பெயர். 2020-இல் அதை எழுதியவர் வேறு யாருக்கோ விற்றுவிட்டார். 2021 பிப்ரவரியில், அதற்குள் தீங்கான நிரல் இருப்பதாகச் சொல்லி கூகுள் அதை முடக்கியது. நல்ல குடித்தனக்காரர் என்று நம்பிச் சாவி கொடுத்தோம். அவர் முகம் தெரியாத ஒருவருக்கு உள்வாடகைக்கு விட்டுவிட்டுப் போய்விட்டார். சாவி மட்டும் அதேதான். எக்ஸ்டென்ஷன்கள் தாமாகவே அப்டேட் ஆகிக்கொள்ளும் என்பதால் ஆள் மாறியது வீட்டுக்காரருக்குத் தெரியாது.

விற்காமலும் இது நடக்கும். 2024 கிறிஸ்துமஸ் சமயத்தில் சைபர்ஹேவன் நிறுவனத்தின் ஊழியர் ஒருவர் போலி மெயிலை நம்பி அனுமதி கொடுக்க, அதன் எக்ஸ்டென்ஷனில் திருட்டு நிரல் சேர்ந்து பயனாளர்களுக்கு அப்டேட்டாகப் போய்விட்டது. அந்த நிறுவனத்தின் தொழில், தரவு வெளியே கசியாமல் பாதுகாப்பது. பெரியப்பா இதைக் கேட்டுச் சிரிப்பார். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் ஐந்தாம் படிக்குப் போய்விடவும்.

கூப்பன் எக்ஸ்டென்ஷனுக்காக அவர் வாதாடினால் ஒரே கேள்வி போதும். ஹனி என்ற கூப்பன் எக்ஸ்டென்ஷனை வைத்திருந்த நிறுவனத்தை 2020-இல் பேபால் சுமார் 400 கோடி டாலருக்கு வாங்கியது. நமக்குச் சும்மா கொடுக்கும் பொருளுக்கு எங்கிருந்து வந்தது இவ்வளவு மதிப்பு? பெரியப்பா ஓய்வுபெற்ற கணக்கர். மீதியை அவரே போட்டுக்கொள்வார்.

5. ரிமூவ்

வேலை இதுதான், ஒரு நிமிடம்கூட ஆகாது. சந்தேகம் உள்ளதை முதலில் ஆஃப் செய்து ஒரு வாரம் விட்டுப் பார்க்கலாம். தேவையே இல்லாததை "ரிமூவ்" செய்துவிடலாம். குரோம் ஒருமுறை உறுதி கேட்கும், கொடுக்கவும்.

உடனே புதிய டேப் ஒன்று திறக்கலாம். கண்ணீர் வடிக்கும் பொம்மை, "நீங்கள் எங்களைப் பிரிந்தது ஏன்?" என்ற கேள்வி, கீழே பல காரணங்கள். நீக்கியதும் இப்படியொரு பக்கத்தைத் திறக்க எக்ஸ்டென்ஷன்களுக்கு வசதி உண்டு. பெரியப்பா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு படிப்பார். "பாவம், ஏன்னு கேக்கறாங்கல்ல, ஒரு பதில் போட்டுடு." போட வேண்டாம். டேப்பை மூடவும்.

சிலவற்றில் "ரிமூவ்" வேலை செய்யாது. "உங்கள் நிறுவனம் நிர்வகிக்கிறது" என்று வரும். அலுவலகம் கொடுத்த லேப்டாப் என்றால் கையை எடுத்துவிடவும். ஓய்வுபெற்றவரின் சொந்த லேப்டாப்பில் அப்படி வந்தால், பெரும்பாலும் ஏதோ ஒரு புரோகிராம் விண்டோஸுக்குள் புகுந்து நிறுவனம் போல நடிக்கிறது என்று பொருள். விண்டோஸ் செட்டிங்ஸில் ஆப் பட்டியலைத் தேதி வாரியாக அடுக்கி, தொல்லை தொடங்கிய நாளில் வந்த அந்நியரை வெளியேற்றவும். பிறகு குரோமில் "ரீசெட் செட்டிங்ஸ்" கொடுக்கலாம். புக்மார்க்கும் பாஸ்வேர்டும் போகாது. அப்படியும் தொல்லை போகாவிட்டால், மண்டபத்துக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லி எழவும்.

6. பெரியம்மாவின் போன்

எழ முடியாது. பெரியம்மா போனோடு நிற்பார். "இதுலயும் அதை எடுத்துடுப்பா. போன்ல அஞ்சு வைரஸ்னு அப்பப்ப வருது." ஆண்ட்ராய்டு போனின் குரோமில் எக்ஸ்டென்ஷன் போடவே வழியில்லை, இல்லாததை எடுக்க முடியாது. வருவது நோட்டிஃபிகேஷன். கோலம் பார்க்கப் போன ஏதோ ஒரு தளம் "அலவ்?" என்று கேட்டது, அவர் அழுத்தினார், அவ்வளவுதான். மூன்று புள்ளி, செட்டிங்ஸ், சைட் செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ் என்று போய் அந்தத் தளத்தைத் தடுத்தால் ஐந்து வைரஸும் ஒன்றாக இறக்கும். நீங்கள் டாக்டர் ஆகிவிட்டீர்கள்.

ஃபயர்ஃபாக்ஸ் இருக்கும் ஆண்ட்ராய்டு போனில் எக்ஸ்டென்ஷன் உண்டு. அதன் மெனுவிலேயே நீக்கலாம். ஐபோன் சஃபாரியில் 2021 முதல் உண்டு. அங்கே அவை ஆப்பாகவே வரும், ஆப்பை அழித்தால் கூடவே போய்விடும்.

7. வாசலில் கேட்கப்படும் கேள்வி

"இதெல்லாம் திரும்ப வராம இருக்க ஏதாவது ஒண்ணு போட்டுட்டுப் போயேன்." எக்ஸ்டென்ஷன்களை மேய்க்க எக்ஸ்டென்ஷன் உண்டுதான். அதற்கும் அனுமதி கொடுக்க வேண்டும். அதற்கும் ஒருநாள் உரிமையாளர் மாறலாம். எதையும் இன்ஸ்டால் செய்யும்போது முன்கூட்டியே டிக் போட்டிருக்கும் கட்டங்களைப் பார்க்கச் சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டவும். ஜாவாவை அப்டேட் செய்தவர்கள் வீட்டுக்கெல்லாம் ஆஸ்க் டூல்பார் பல வருஷம் அந்த டிக் வழியாகத்தான் வந்து சேர்ந்தது.

8. பின்விளைவு

இரவு கோயம்புத்தூரிலிருந்து பெரியப்பா மகள், உங்கள் அக்கா, போன் செய்வாள். "டேய், அப்பா லேப்டாப்ல என்ன பண்ணின? என் ஆபீஸ் மெயில்ல கிராமர் தப்பு பாக்கிறது காணோம்." கல்லூரிக் காலத்தில் அவளுக்குத் திறந்த கூகுள் கணக்கில்தான் பெரியப்பாவும் இருக்கிறார். சிங்க் ஓடினால் ஒரு கணினியில் நீக்கியது மற்றதிலும் நீங்கிவிடும்.

நிதானமாக விளக்கவும். அவள் தட்டுவதையெல்லாம் அது படிக்கிறது, மேனேஜரைத் திட்டித் தோழிக்கு எழுதியதும் அதில் அடக்கம் என்று சொல்லவும். ஒரு நிமிடம் யோசிப்பாள். "பரவால்ல, போட்டுக் குடு" என்பாள். போட்டுக் கொடுக்கவும். பெரியப்பா படிக்காமல் சம்மதித்தார், அக்கா கேட்டுத் தெரிந்துகொண்டு சம்மதிக்கிறாள். ஒரு கையேட்டால் ஆகக்கூடிய முன்னேற்றம் அவ்வளவுதான்.