குறட்டை நிற்கும் நேரம்: ஒரு சிற்றாராய்ச்சி

குறட்டை ஆராய்ச்சியின் முதல் இடர், அதை நிகழ்த்துபவர் ஒருநாளும் அதைக் கேட்டதில்லை என்பது. கேட்டவரோ எதிர்க்கட்சி. "நானா? கண்ணை மூடவே இல்லையே" என்ற வாக்குமூலமும் பக்கத்துப் பாயின் சாட்சியமும் பல குடும்பங்களில் தலைமுறைகளாக நிலுவையில் உள்ளன.

சத்தம் கேட்கும்வரை காற்று போய்வருகிறது என்றாவது தெரியும். வீட்டார் "அப்பாடா" என்று புரண்டு படுக்கிறார்களே, அந்த அமைதிதான் நோய். தொண்டைத் தசைகள் தளர்ந்து, நாக்கும் மெல்லண்ணமும் பின்னால் சரிந்து, மூச்சுப்பாதை அடைபடுகிறது. 10 விநாடியாவது மூச்சு நின்றால்தான் கணக்கில் சேரும். 9 விநாடிக்காரருக்கு இன்னும் தகுதி வரவில்லை. ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்கியதும் மூளை பதறி உலுக்குகிறது. ஒரு செருமல், மறுபடி கச்சேரி. மணிக்கு 5 தடவைக்குள் என்றால் இயல்பு, 30-ஐ எட்டினால் தீவிரம். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை உலுக்கப்பட்டவர் காலையில் "அடித்துப் போட்டதுபோல் தூங்கினேன்" என்பார். ரத்த அழுத்தமும் தாறுமாறான இதயத் துடிப்பும் பக்கவாத அபாயமும் அவர் பேச்சை நம்புவதில்லை.

இரவில் கெட்ட தூக்கம் பகலில் வந்து கடனை வசூலிக்கும். ஆனால் ஆறு மாதம் ஒரே மூச்சாக உறங்குபவனிடம் பகல் தூக்கத்தைத் தனியே சோதிக்க வழியில்லாததால், கும்பகர்ணனை இக்கட்டுரை கைவிடுகிறது. ஏற்கத்தக்க சான்று 1956-இல் அமெரிக்க மருத்துவர்கள் எழுதியது. பருத்த தொழிலதிபர் ஒருவர், சீட்டாட்டத்தில் மூன்று ஏஸும் இரண்டு கிங்கும் கையில் வந்த வேளையில் உறங்கிப்போனார். சில நாளில் மருத்துவமனையில் சேர்ந்தார். டிக்கன்ஸின் பிக்விக் நாவலில் நின்றபடியே தூங்கும் குண்டுப் பையனை நினைத்து மருத்துவர்கள் அதற்குப் பிக்விக் நோய்க்குறி என்று பெயரிட்டார்கள். இத்தகையோருக்கு இரவில் மூச்சு அடைபட்டு நிற்பதை பிரெஞ்சு, ஜெர்மன் ஆய்வாளர்கள் கருவிகளால் பதிவு செய்தது 1965-இல். வீட்டம்மாக்களைக் கேட்டிருந்தால் ஒன்பது ஆண்டு மிச்சம்.

சிட்னியின் காலின் சலிவன் 1981-இல், மூக்கு வழியே காற்றை அழுத்தி அனுப்பித் தொண்டையைத் திறந்து வைக்கும் கருவியை அறிவித்தார். இன்றும் முதன்மைச் சிகிச்சை அதுவே. அதன் முகமூடியை மாட்டிக்கொள்ள மறுப்பவர்களுக்காக 2005-இல் சுவிஸ் ஆய்வொன்று வெளிவந்தது: ஆஸ்திரேலியப் பழங்குடியினரின் நீண்ட ஊதுகுழலான டிஜெரிடூவை நான்கு மாதம் பயின்றவர்களுக்குப் பகல் தூக்கம் குறைந்தது, உடன் படுப்பவர்களின் தொந்தரவும் குறைந்தது. 2017-இல் இதற்கு ஆய்வுலகின் நகைச்சுவைப் பரிசான இக் நோபல் கிடைத்தது, சமாதானப் பிரிவில். பயிற்சி நடந்த மாலைகளில் பக்கத்து வீட்டாரின் சமாதானம் ஆய்வின் வரம்புக்குள் வரவில்லை.