ஜிம் மாஸ்டர் சொன்ன ஊசி

பெயர் வேண்டாம், ஈரோடு
வயது 48. மதியம் சாப்பிட்டால் தூக்கம், சாயங்காலம் எரிச்சல், ராத்திரி... உங்களுக்கே புரியும். டெஸ்டோஸ்டிரோன் குறைந்துவிட்டதோ?

மதியம் எத்தனை கரண்டி சோறு என்று எழுதவில்லையே! முதல் இரண்டும் கல்லூரிப் பையன்களுக்கே இருக்கிறது. டாக்டர் காது கொடுத்துக் கேட்பது அந்த மூன்று புள்ளியைத்தான்: ஆசை குறைவது, விடியற்காலை விறைப்பு நின்றுபோவது. ஐரோப்பாவில் 40 முதல் 79 வயது வரையுள்ள மூவாயிரத்துச் சொச்சம் ஆண்களைச் சோதித்து 2010இல் முடிவு சொன்னார்கள். இந்த அறிகுறிகளும் இருந்து, ரத்தத்திலும் ஹார்மோன் குறைந்திருந்தவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர்தான். நீங்கள் அந்த இரண்டில் ஒருவராக இருக்கலாம். மீதி 98இல் இருக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

மளிகைக் கடைக்காரர், காரைக்குடி
ராத்திரி கடையைச் சாத்திவிட்டு லேபில் ரத்தம் கொடுத்தேன். 270 என்று வந்திருக்கிறது. தடித்த எழுத்தில் வேறு அச்சடித்திருக்கிறார்கள்!

கடையைத் திறப்பதற்கு முன்னால் போயிருக்க வேண்டும். இந்த ஹார்மோன் காலையில் ஏறி, பொழுது சாயச் சாய இறங்கும். காலை பத்து மணிக்குள், வெறும் வயிற்றில், வேறு வேறு நாளில் இரண்டு தடவை பாருங்கள். இரண்டுமே 300க்குக் கீழே, கூடவே அறிகுறியும் உண்டு என்றால்தான் அமெரிக்கச் சிறுநீரியல் டாக்டர்கள் சங்கம் குறைபாடு என்று ஒப்புக்கொள்ளும். காய்ச்சலில் படுத்து எழுந்த வாரத்தில் போகாதீர்கள், அப்போதும் குறைத்துத்தான் காட்டும்.

பனியன் கம்பெனி மேனேஜர், திருப்பூர்
வயது 41. கல்யாணமாகி மூன்று வருஷம், இன்னும் குழந்தை இல்லை. வாரம் ஒரு ஊசி போட்டால் உடம்பும் ஏறும், மற்றதும் நடக்கும் என்கிறார் ஜிம் மாஸ்டர்.

உடம்பு ஏறும். மற்றது நின்றுபோகும். மூளைக்கு அடியில் பிட்யூட்டரி என்று பட்டாணி அளவில் ஒரு சுரப்பி. எல்.எச்., எஃப்.எஸ்.எச். என்று இரண்டு ஹார்மோன்களை அனுப்பி விரையை வேலை வாங்குவது அதுதான். ஊசி வழியாக டெஸ்டோஸ்டிரோன் வந்து இறங்கியதும், சரக்கு வெளியிலேயே கிடைக்கிறதே என்று அது ஆர்டரை நிறுத்திவிடும். விரை சுருங்கும், விந்தணு குறையும், பலருக்குச் சுத்தமாக அற்றும் போகும். உலக சுகாதார நிறுவனம் இதே வாராந்திர ஊசியை ஆண்களுக்கான கருத்தடை முறையாகவே சோதித்துப் பார்த்திருக்கிறது. 1990இல் வெளிவந்த அந்த முடிவில், போட்டுக்கொண்டவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு விந்தணு பூஜ்யம்! நிறுத்தினால் பெரும்பாலும் திரும்பி வரும், ஆனால் மாதக்கணக்காகும். 41 வயதில் அந்த மாதங்களை மாஸ்டரிடம் கொடுக்காதீர்கள். விந்தணு பரிசோதனையை முதலில் செய்யுங்கள். ஹார்மோன் நிஜமாகவே குறைந்திருந்தாலும், விந்தணுவைக் கெடுக்காத வேறு மருந்துகள் டாக்டரிடம் உண்டு.

ஒரு மனைவி, நாகர்கோவில்
அவருக்கு 50 வயது, 96 கிலோ. குறட்டை அடுத்த தெருவுக்குக் கேட்கும். ஹார்மோன் ஜெல் வாங்கித் தரச் சொல்கிறார்.

குறட்டைக்கு நடுவே மூச்சு நின்று, திடுக்கென்று திணறி எழுகிறாரா? அப்படியென்றால் முதலில் தூக்கப் பரிசோதனை. அதைச் சரிசெய்யாமல் ஹார்மோன் கொடுத்தால் மூச்சடைப்பு இன்னும் மோசமாகலாம். சிகாகோவில் திடகாத்திரமான இளைஞர்களை ஒரு வாரம் ராத்திரி ஐந்து மணி நேரம் மட்டும் தூங்கவிட்டார்கள். பகல் நேர டெஸ்டோஸ்டிரோன் 10 முதல் 15 சதவீதம் இறங்கிவிட்டது. தொப்பைக் கொழுப்பு வேறு தன் பங்குக்கு இந்த ஹார்மோனைப் பெண் ஹார்மோனாக மாற்றிக்கொண்டிருக்கும். எடை இறங்கினால் அளவு தானாக ஏறும். வாக்கிங் போகச் சொல்லுங்கள், நீங்களும் கூடப் போங்கள். பார்க்கை நாலு சுற்று சுற்றிவிட்டு, கேட்டுக்கு எதிர்க் கடையில் டீயும் இரண்டு உளுந்த வடையுமாகக் கணக்கை நேர் செய்துவிடுகிற ஆண்களை எனக்குத் தெரியும். கூடவே வாரம் இரண்டு நாள் பஸ்கி, தண்டால். குடிப்பவரென்றால் அதையும் கேளுங்கள், பதில் சொல்ல மாட்டார்.

ஸ்டென்ட் வைத்தவர், மதுரை
இரண்டு தடவை பார்த்துக் குறைவு என்று உறுதியாகி, டாக்டரே ஜெல் எழுதிவிட்டார். இதயத்துக்கு ஆகுமா?

இதய நோயோ அதற்கான அபாயமோ உள்ள ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் அமெரிக்காவில் நடந்த ஆய்வு 2023இல் வந்தது. மாரடைப்பும் பக்கவாதமும் கூடவில்லை. படபடப்பு நோயும் நுரையீரலில் ரத்தக்கட்டியும் கொஞ்சம் கூடின. ஆகவே உங்கள் இதய டாக்டருக்குத் தெரியாமல் தொடங்க வேண்டாம். தொடங்கினால் ரத்தம் கெட்டியாகிறதா என்று ஹீமடோகிரிட்டும், புராஸ்டேட்டுக்கு பி.எஸ்.ஏ.வும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். தோளில் தடவியதும் கையைக் கழுவி, சட்டையைப் போட்டுக்கொண்ட பிறகு பேத்தியைத் தூக்குங்கள். பெரியவருக்கான மருந்து குழந்தையின் தோலில் ஒட்டினால் வேண்டாத விளைவெல்லாம் வரும்.

சினிமா பைத்தியம், கோபி
இவ்வளவு எதற்கு? 'முந்தானை முடிச்சு' பார்த்தவர்களுக்கு முருங்கைக்காய் போதாதா?

1983இலிருந்து சாப்பிட்டு வருகிறீர்கள். நீங்கள்தான் சொல்ல வேண்டும்.