திருஷ்டி வாங்காத மீன்கள்

எண்பதுகளின் புனேயில் மீன் வளர்ப்பது ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை. காலையில் அப்பா சைக்கிளை எடுத்துக்கொண்டு கேம்ப் பக்கம் போவார். ஹேண்டில்பாரில் பிளாஸ்டிக் பைகள் தொங்க, மத்தியானம் கிர்க்கி வீட்டுக்குத் திரும்புவார்: இரண்டு தங்கமீன், இரண்டு கறுப்பு மோலி, தனிப் பையில் ஒரு ஃபைட்டர். கடக்வாஸ்லா அணைத் தண்ணீரைக் குழாயில் பிடித்து அப்படியே தொட்டியில் ஊற்றுவார். சாயங்காலம் மீன் நீந்தும். அடுத்த ஞாயிற்றுக்குள் பாதி மிதக்கும்.

யாரும் துக்கம் காத்ததில்லை. "நமக்கு வந்த கண்ணை அது வாங்கிக்கிச்சு" என்பாள் அம்மா. பக்கத்து வீட்டுக் காக்கு, அதாவது மராத்திச் சித்தி, அதையே தன் மொழியில் சொல்வார். எனக்குக் காய்ச்சல் விட்டதும், அப்பாவுக்கு இன்கிரிமென்ட் வந்ததும் மோலிகளின் தியாகக் கணக்கில் ஏறின. கூழாங்கல்லைச் சோப்புப் போட்டு அலசி, கண்ணாடியைப் பளபளவென்று துடைத்தால் அடுத்த தியாகிகளுக்கு இடம் தயார்.

கொன்றது அம்மோனியா. மீனின் கழிவும் மிஞ்சிய இரையும் அதுவாகத்தான் மாறும். அதை நைட்ரைட்டாக்க ஒரு பாக்டீரியா வேண்டும். நைட்ரைட்டும் விஷம் என்பதால், அதை அவ்வளவாகக் கெடுதலில்லாத நைட்ரேட்டாக்க இன்னொன்று. இரண்டும் கல்லிலும் பில்டர் பஞ்சிலும் ஒட்டி நிதானமாக வளர்பவை. சோப்பும் குழாய்த் தண்ணீரின் குளோரினும் அவற்றுக்கு ஆகாது. ரஷ்ய விஞ்ஞானி வினோகிராட்ஸ்கி இந்த இரண்டு பாக்டீரியாக்களின் வேலையை நிறுவியது 1890 வாக்கில். நூறு வருஷம் நெருங்கியும் கிர்க்கிக்குத் தகவல் வந்து சேரவில்லை.

இப்போது கோத்ரூடில் மகன் வைத்திருப்பது இரண்டடித் தொட்டி. ஐம்பது லிட்டருக்கு மேல் தண்ணீர், மணல், செடி, விளக்கு, டிசம்பர் குளிருக்கு ஹீட்டர் எல்லாம் உண்டு. ஆரம்பத்தில் மீன்தான் இல்லை. இல்லாத மீனுக்குத் தினமும் ஒரு சிட்டிகை இரை போட்டு அழுக விட்டான். சின்னக் கண்ணாடிக் குழாயில் சொட்டு மருந்து விட்டு நிறம் பார்த்தான்: மஞ்சள் என்றால் அம்மோனியா இல்லை, பச்சை என்றால் உண்டு. என் சர்க்கரை அளவை அவன் இவ்வளவு அக்கறையாகக் கேட்டதில்லை. பாட்டில் பாக்டீரியாவைக் காசு கொடுத்து வாங்கி ஊற்றினான், பச்சை அசையவில்லை. கடைசியில் நண்பனின் பழைய தொட்டியிலிருந்து அழுக்கேறிய பஞ்சு ஒன்றை, உறைமோர் வாங்குவதுபோல ஓசியில் வாங்கி வந்து பில்டரில் வைத்தான். அம்மோனியா இறங்கியது, பின்னாலேயே நைட்ரைட்டும்.

அப்போதும் அவன் அவசரப்படவில்லை. முதலில் ஆறே ஆறு டெட்ரா. அவற்றின் கழிவுக்கு ஈடாகப் பாக்டீரியா பெருகட்டும் என்று சில வாரம் விட்டு அடுத்த ஆறு. பஞ்சைக் குழாயடியில் காட்டுவதே இல்லை. தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே பிழிந்துவிடுகிறான். பழைய அழுக்கு போகாமல் காப்பதற்குத்தான் இந்த வீட்டில் இத்தனை சுத்தம்.

ஒரு மீன்கூடச் சாகவில்லை. சிக்கலே அதுதான். மகனின் கம்பெனியில் ஆட்குறைப்புப் பேச்சு, எனக்கு முழங்கால் வலி, மனைவியின் புது மிக்சியில் புகை என்று எல்லாம் சேர்ந்து வந்தன. விசாரிக்க வந்த எதிர் வீட்டுக் காக்கு, துள்ளி ஓடும் பன்னிரண்டு டெட்ராக்களையும் ஏற இறங்கப் பார்த்தார். "அண்ணா, சாப்பாடெல்லாம் சரியாப் போடறீங்க. ஆனா இதுல ஒண்ணுகூட வேலை செய்யலையே!"